வைகை வடிநிலத்தில் ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்பது எப்படி

மதுரையில் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டு போர் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் பருப்பு வேகும், மற்றதில் வேகாது. மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சார்னகைட், நைஸ் வகைக் கடும்பாறை. அதில் தண்ணீர் மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நிற்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் தனி வழி. மழைத் தண்ணீர் அதற்குள் எத்தனை காலம் கிடந்தது என்பதும் வெடிப்புக்கு வெடிப்பு மாறும். அதனால் ஒரு கிணற்றில் ஒரு தடவை எடுத்த ஒரு பாட்டிலை வைத்து அந்த ஊர்த் தண்ணீர் இப்படித்தான் என்று சொல்லவே கூடாது.

ஆற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையில் 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரும் கலந்து வருகிறது. 1959-இல் வைகை அணை வந்த பிறகு, மதுரைக்குக் கீழே ஓடுவது பெரும்பாலும் மதகு திறக்கும் தேதியைப் பொறுத்த தண்ணீர்தான். மதகு திறந்த வாரம் எடுத்த மாதிரியையும் மூடிய மாதம் எடுத்த மாதிரியையும் பக்கத்தில் வைத்து "ஆறு கெட்டுவிட்டது" என்றோ "சுத்தமாகிவிட்டது" என்றோ சொல்வது அணையின் கால அட்டவணையைத்தான் திருப்பிச் சொல்லும். மாதிரி எடுத்த நாளும் இடமும் சரியாகக் குறிக்கப்படாவிட்டால், ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

நாளும் இடமும்

ஆண்டுக்கு மூன்று சுற்று போதும். முதல் சுற்று மே கடைசியில், கோடையின் அடிமட்டத்தில். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் வடிந்து குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகும், ஜூனில் பாசனத்துக்கு மதகு திறப்பதற்கு முன்பும் கிடைக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். இரண்டாவது சுற்று நவம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே. மூன்றாவது ஜனவரி கடைசியில், மழை நின்று நிலத்தடி நீர் மட்டம் ஏறியிருக்கும்போது. ஆறு, வாய்க்கால், கண்மாய், கிணறு எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கிணற்றை இந்த மாதமும் ஆற்றை அடுத்த மாதமும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

செப்டம்பர், அக்டோபரில் வரும் முதல் கனமழையைத் தனியாகப் பாருங்கள். கோடை முழுக்க மண்ணிலும் தெருவிலும் படிந்த உப்பையும் அழுக்கையும் அது கழுவிக்கொண்டு வரும். முதல் சில மணி நேரம் ஓடையின் மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) ஏறி, பிறகு சரசரவென இறங்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் அரை மணிக்கு ஒரு பாட்டில் என்று வரிசையாக எடுக்க வேண்டும். ஒற்றை மாதிரி எதையும் சொல்லாது.

ஆற்றில் இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நகரத்துக்கு மேலே ஒரு ஒப்பீட்டுப் புள்ளி கட்டாயம் வேண்டும். பெரியாறு பிரதானக் கால்வாய் பிரியும் பேரணை அதற்குத் தோது. அதற்குக் கீழே சோழவந்தான், நகருக்குள் நுழையும் முன் கோச்சடை, நகருக்குள் ஆல்பர்ட் விக்டர் பாலம், நகரைக் கடந்ததும் விரகனூர் மதகணை, அதற்கும் கீழே திருப்புவனம். இந்த ஆறு புள்ளிகளில் நகரம் ஆற்றுக்கு என்ன கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். துவரிமான் பக்கம் தொடங்கி நகரின் தெற்குப் பகுதி வழியே போகும் கிருதுமால் நதி இப்போது பெரும்பாலும் சாக்கடை சுமக்கிறது. அதை வைகைப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி போடாமல் தனி வரிசையாக வையுங்கள்.

ஒவ்வொரு ஆற்றுப் புள்ளிக்கும் எதிரே கரையிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 2 கிலோமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு கிணறு எடுங்கள். முடிந்தால் ஒவ்வொரு தூரத்திலும் ஒரு திறந்த கிணறும் ஒரு ஆழ்துளைக் கிணறும். திறந்த கிணறு சிதைந்த பாறைத் தண்ணீரைக் காட்டும், போர் வெடிப்புத் தண்ணீரைக் காட்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் ஆழம் காட்டுகிற வித்தியாசத்தை ஊர் காட்டுகிற வித்தியாசமாக எண்ணி ஏமாந்துபோவோம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

வெப்பநிலைத் திருத்தம் உள்ள மின்கடத்துத்திறன் மீட்டர், 25 டிகிரியில் 1413 மைக்ரோ சீமென்ஸ் காட்டும் பொட்டாசியம் குளோரைடு நியமக் கரைசல். பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) மீட்டர், அதைச் சரிபார்க்க 4, 7, 10 பஃபர்கள், அதாவது பி.எச். தெரிந்த கரைசல்கள். தெர்மாமீட்டர். நீர்மட்டம் பார்க்க டேப். 60 மில்லி சிரிஞ்சு, 0.45 மைக்ரான் வடிகட்டிகள். சில துளி அடர் நைட்ரிக் அமிலம் உள்ள சொட்டுக்குப்பி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி. இரண்டு பக்கெட், ஒரு கயிறு, ஐந்து லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். தண்ணீர் பட்டால் அழியாத மார்க்கர் பேனா.

பாட்டில்கள் எல்லாம் கெட்டி பிளாஸ்டிக், அதாவது எச்.டி.பி.இ., உள்மூடி உள்ளவை. குளிர்பான பாட்டில், மினரல் வாட்டர் பாட்டில் வேண்டாம். ஃப்ளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது. பாட்டிலை முந்தைய நாளே நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அலசி, வடித்த தண்ணீரில் மூன்று தடவை கழுவிக் காயவைத்துவிடுங்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவினால் பாஸ்பேட்டும் சோடியமும் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டர்களைத் தினமும் காலையில் பஃபரில் சரிபார்க்க வேண்டும், மதியம் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கிடந்த பி.எச். மீட்டரை நம்பாதீர்கள். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், டிகிரிக்கு 2 சதவீதம் என்று கணக்குப் போடலாம். 30 டிகிரி தண்ணீரில் 1441 காட்டினால் 1.10-ஆல் வகுங்கள், 25 டிகிரிக்கு 1310 வரும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மே மாத எண்ணையும் ஜனவரி எண்ணையும் ஒப்பிட்டால் வெயில் அடித்ததே உப்பு ஏறியதாகத் தெரியும்.

போரிலும் கிணற்றிலும்

முதல் வேலை விசாரிப்பு. போர் எத்தனை அடி, கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) எத்தனை அடி, எந்த அடியில் தண்ணீர் கிடைத்தது, எந்த வருடம் போட்டது, தினமும் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது, பக்கத்தில் செப்டிக் டேங்க் எத்தனை அடியில், மாட்டுத் தொழுவம் எங்கே, தோட்டத்துக்கு என்ன உரம் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரரைவிட மோட்டார் மெக்கானிக்குக்கும் போர் போட்டவருக்கும் ஆழம் சரியாக நினைவிருக்கும். பிறகு மோட்டார் போடுவதற்கு முன்பே டேப் இறக்கி நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஓடிய பிறகு அளந்தால் அது அந்த நேரத்து இறக்கத்தைத்தான் காட்டும்.

கேசிங்கில் தேங்கி நின்ற தண்ணீர் பாறையின் தண்ணீர் அல்ல. இரும்புக் குழாயோடும் காற்றோடும் பழகி அது மாறிவிட்டது. அதை வெளியேற்ற வேண்டும். ஆறரை இன்ச் போரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 21.4 லிட்டர் நிற்கும். 40 மீட்டர் தண்ணீர் நின்றால் 856 லிட்டர். மூன்று மடங்கு வெளியேற்றுவதுதான் பொதுவிதி, அது ஏறத்தாழ 2,570 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு 43 நிமிடம். மோட்டார் எத்தனை லிட்டர் இறைக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள்.

நம் பக்கத்துக் கடும்பாறை போர்களில் பலவற்றில் அவ்வளவு நேரம் ஓட்டினால் தண்ணீர் வற்றிவிடும், மோட்டாரும் கெடும். அங்கே மீட்டரை நம்புங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் தொடர்ந்து எடுத்த மூன்று அளவுகளில் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும், பி.எச். 0.1-க்குள்ளும், வெப்பநிலை 0.2 டிகிரிக்குள்ளும் நின்றால் எடுக்கலாம். எண்கள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் வெவ்வேறு வெடிப்புகளின் தண்ணீர் மாறி மாறி வருகிறது என்று பொருள். அதையும் குறித்து வையுங்கள். பின்னால் அந்த போரைப் புரிந்துகொள்ள அதுவே உதவும். தினமும் மணிக்கணக்கில் இறைக்கும் தோட்ட போருக்குப் பத்து நிமிடம் போதும். அடிபம்பில் விடாமல் பத்து நிமிடம் அடித்தால் பெரும்பாலும் நிலைபெறும்.

கம்ப்ரசர் வைத்துக் காற்றால் ஏற்றும் போர்களில் மட்டும் எச்சரிக்கை. குழாய்க்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் பி.எச். ஏறும். சுண்ணாம்பு படியும், இரும்பு துருவாகிக் கீழே விழும். அங்கே எடுத்த பி.எச்., கால்சியம், இரும்பு அளவுகளைச் சப்மெர்சிபிள் போர் அளவுகளோடு ஒப்பிடாதீர்கள். வேறு போர் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எடுக்கும் இடம் மோட்டாரிலிருந்து வரும் முதல் குழாய். மாடித் தொட்டிக்குப் பிறகு வேண்டாம், மென்னீராக்கும் கருவிக்குப் பிறகோ ஆர்.ஓ.வுக்குப் பிறகோ வேண்டவே வேண்டாம். திறந்த கிணற்றில் வாளியால் மேல் தண்ணீரை மொண்டு எடுத்தால் பாசியும் வெயிலும் பட்ட தண்ணீர்தான் வரும். மோட்டார் ஓடும் கிணறாகப் பார்த்து எடுங்கள்.

பி.எச்., மின்கடத்துத்திறன், வெப்பநிலை மூன்றையும் அங்கேயே பாருங்கள். பக்கெட்டுக்கு அடியில் குழாயை விட்டு, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்போது மீட்டரைப் பிடியுங்கள். பாறைக்குள் இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் பாட்டிலில் அடைத்த தண்ணீரின் பி.எச். மாலைக்குள் கணிசமாக ஏறிவிடும். ஆய்வகத்துக்குப் போய் அளந்த பி.எச்.சை வைத்துச் சுண்ணாம்பு படியுமா கரையுமா என்று கணக்குப் போடுவது வீண் வேலை. இன்னொன்று: பி.எச். எலெக்ட்ரோடுக்குள் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அது மெல்லக் கசியும். ஆய்வகத்துக்குப் போகும் பாட்டிலுக்குள் அதை நுழைத்தால் பொட்டாசியமும் குளோரைடும் கூடித் தெரியும். மீட்டருக்குத் தனி டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு, ஊற்று, கண்மாய்

ஓடும் தண்ணீரில் நடு ஓட்டத்துக்குப் போய், நீரோட்டத்தை எதிர்த்து நின்று, பாட்டிலின் வாயை மேல்திசைக்குக் காட்டி, ஒரு சாண் ஆழத்தில் நிரப்புங்கள். காலால் கலங்கிய தண்ணீர் கீழ்ப்பக்கம் போய்விடும். மேலே மிதக்கும் நுரையும் அடியில் இருக்கும் சேறும் வரக்கூடாது. தண்ணீர் அதிகமாகப் போனால் இறங்கவே வேண்டாம். பாலத்தின் மேல்திசைப் பக்கத்திலிருந்து கயிற்றில் வாளியை விட்டு எடுங்கள். முதல் இரண்டு வாளி கழுவுவதற்கு.

சாக்கடை வாய்க்கால் சேரும் இடத்துக்கு நேர் கீழே எடுத்தால் ஒரு கரையில் சாக்கடையும் மறு கரையில் ஆறுமாகத் தனித்தனியே ஓடும். கலந்துவிட்டதா என்று அறிய இந்தக் கரை, நடு, அந்தக் கரை மூன்றிலும் மின்கடத்துத்திறன் பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் கீழே போங்கள்.

கோடையில் மேலே தண்ணீர் தெரியாத வைகையிலும் மணலுக்குள் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். ஊற்றுத் தோண்டி அதை எடுக்கலாம். தண்ணீர் தெரியும் வரை தோண்டி, ஊறி நிறையவிட்டு, மொண்டு கொட்டுங்கள். மறுபடி ஊறவிட்டுக் கொட்டுங்கள். மூன்றாவது தடவை தெளிந்து ஊறியதை எடுங்கள். வருடத்தின் மிக முக்கியமான மாதிரி இதுதான் என்பது எங்கள் எண்ணம். கரைக் கிணறுகளிலிருந்து ஆற்றுக்கு வருகிறதா, ஆற்றிலிருந்து கிணறுகளுக்குப் போகிறதா என்ற கேள்விக்கு மே மாத ஊற்றுத் தண்ணீரின் குளோரைடும், அதே நாளில் அளந்த கிணற்று நீர்மட்டங்களும்தான் பதில் சொல்லும். நீர்மட்டத்தைத் தரையிலிருந்து எத்தனை அடி என்று மட்டும் வைத்தால் போதாது. தரையின் உயரத்தையும் சேர்த்து, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று மாற்றினால்தான் எது மேடு எது பள்ளம் என்பது தெரியும்.

வண்டியூர், மாடக்குளம் போன்ற கண்மாய்களில் காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். பாசி நிறைந்த கண்மாயில் மதியத்துக்குள் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும், பி.எச். 9-ஐத் தாண்டும், சுண்ணாம்பு படியும், கரைந்த ஆக்சிஜன் எகிறும். காலையில் ஒரு கண்மாயும் மாலையில் இன்னொரு கண்மாயும் எடுத்து ஒப்பிட்டால் சூரியனைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் நிலைமை தலைகீழ், அடியில் ஆக்சிஜனே இருக்காது.

பாட்டிலில் அடைப்பது

ஒரு இடத்துக்கு மூன்று பாட்டில். முதலாவது 250 மில்லி, வடிகட்டியது, அமிலம் சேர்க்காதது: குளோரைடு, சல்பேட், ஃப்ளோரைடு, நைட்ரேட் இதில். இரண்டாவது 100 மில்லி, வடிகட்டி, பி.எச். 2-க்குக் கீழே இறங்கும் வரை நைட்ரிக் அமிலம் சொட்டியது: கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு இதில். மூன்றாவது 250 மில்லி, வடிகட்டாதது, வாய் விளிம்பு வரை குமிழி இல்லாமல் நிரப்பியது: இது காரத்தன்மைக்கு, அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதற்கு.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் நைட்ரேட் பார்த்தால், அமிலத்தின் நைட்ரேட்டையே அளப்பீர்கள். காரத்தன்மைப் பாட்டிலில் அமிலம் பட்டால் பைகார்பனேட் முழுவதும் போய்விடும். வடிகட்டாமல் அமிலம் விட்டால், கலங்கலில் இருந்த களிமண்ணும் துருவும் கரைந்து இரும்பும் கால்சியமும் பொய்யாக ஏறும். மூடியில் அல்லாமல் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள், ஐஸ் பெட்டிக்குள் மூடிகள் மாறிப்போகும்.

காரத்தன்மையை அன்றைக்கே பாருங்கள். நைட்ரேட் 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள். குளோரைடு, சல்பேட், ஃப்ளோரைடு நான்கு வாரம் தாங்கும். அமிலம் விட்ட பாட்டில் ஆறு மாதம் வரை தாங்கும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலில் வடித்த தண்ணீரையே ஊற்றி, அதே வடிகட்டி, அதே அமிலம், அதே ஐஸ் பெட்டி என்று நடத்துங்கள். அதில் குளோரைடோ சோடியமோ தெரிந்தால் அழுக்கு உங்கள் கையிலிருந்து வந்தது.

பியூரெட்டிலிருந்து எண் வரை

கீழே வருவது எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு போர் தண்ணீர். எல்லா டைட்ரேஷனுக்கும் (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டி, நிறம் மாறும் வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது) 50 மில்லி மாதிரி.

காரத்தன்மை: 0.02 நார்மல் கந்தக அமிலம், புரோமோகிரிசால் கிரீன் காட்டி (நிறம் மாறிக் காட்டும் சாயம்). நீலம் மஞ்சளுக்குத் திரும்பும்போது நிறுத்த வேண்டும், பி.எச். மீட்டரில் ஏறத்தாழ 4.5. செலவான அமிலம் 15.0 மில்லி. 15 × 0.02 × 50,000 ÷ 50 = 300 மி.கி. கால்சியம் கார்பனேட் அளவில். பி.எச். 8.3-க்குக் கீழே இருந்தால் எல்லாம் பைகார்பனேட்தான். 1.22-ஆல் பெருக்கினால் 366 மி.கி./லி.

மொத்தக் கடினத்தன்மை: அமோனியா பஃபர் விட்டு பி.எச். 10 ஆக்கி, எரியோகுரோம் பிளாக் டி போட்டு, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. ஒயின் சிவப்பு முழு நீலமாக வேண்டும், ஊதாவில் நிறுத்தினால் குறைந்து வரும். பஃபர் விட்ட ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் சுண்ணாம்பு படிந்து, முடிவுப்புள்ளி மறுபடி மறுபடி சிவப்புக்குத் திரும்பும். 17.4 மில்லி செலவானால் 20-ஆல் பெருக்கி 348 மி.கி./லி.

கால்சியம்: சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச். 12-க்கு மேல் ஏற்றி, மியூரெக்சைடு காட்டி, இளஞ்சிவப்பிலிருந்து ஊதா. 10.0 மில்லி செலவானால் 200, அதை 0.4-ஆல் பெருக்கினால் கால்சியம் 80 மி.கி./லி. மீதி 148-ஐ 0.243-ஆல் பெருக்கினால் மெக்னீசியம் 36.

குளோரைடு: பொட்டாசியம் குரோமேட் காட்டி, 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட். மஞ்சள் லேசாகச் செங்கல் நிறம் காட்டியதும் நிறுத்துங்கள். மாதிரிக்கு 17.9, வெறும் வடித்த தண்ணீருக்கு 0.2, வித்தியாசம் 17.7 மில்லி. மில்லிக்கு 10 வீதம் 177 மி.கி./லி. நிறத்தை ஒப்பிட ஒரு வெள்ளைக் காகிதமும், முடிவுப்புள்ளி கண்ட வெறுமைக் குடுவையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சோடியம், பொட்டாசியத்துக்கு ஃபிளேம் போட்டோமீட்டர். சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு கலங்கல், 420 நானோமீட்டரில். நைட்ரேட்டுக்கு 220, 275 நானோமீட்டர் புற ஊதா முறை, ஆனால் சாக்கடை கலந்த தண்ணீருக்கு அந்த முறை ஆகாது. கரிமப் பொருளும் அதே அலைநீளத்தை உறிஞ்சுவதால் நைட்ரேட் கூடித் தெரியும். ஃப்ளோரைடுக்கு அயனித் தேர்வு எலெக்ட்ரோடு, சம அளவு அயனி வலிமைப் பஃபர் சேர்த்து. இவையெல்லாம் வீட்டில் முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்குச் சோடியம் 138, பொட்டாசியம் 8, சல்பேட் 48, நைட்ரேட் 62, ஃப்ளோரைடு 1.0 என்று வைப்போம்.

அறிக்கை வந்ததும் இரண்டு இடங்களில் பென்சிலால் வட்டமிடுங்கள். நைட்ரேட் நைட்ரேட்டாகச் சொல்லப்பட்டதா, நைட்ரஜனாகச் சொல்லப்பட்டதா? நைட்ரஜன் என்றால் 4.43-ஆல் பெருக்க வேண்டும். கால்சியம் கால்சியமாகவா, கால்சியம் கடினத்தன்மையாகவா? இந்த இரண்டு குழப்பத்தில் நல்ல தண்ணீர் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் மாறிப்போயிருக்கிறது.

கணக்கு ஒத்துப்போகிறதா

தண்ணீரில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் அதன் சமான எடையால் (அயனியின் எடையை அதன் மின்சுமையால் வகுத்தது) வகுத்து மில்லி ஈக்குவலன்ட்டாக, அதாவது மின்சுமைக் கணக்காக மாற்றுங்கள். கால்சியம் 80 ÷ 20.04 = 3.99. மெக்னீசியம் 36 ÷ 12.15 = 2.96. சோடியம் 138 ÷ 23 = 6.00. பொட்டாசியம் 8 ÷ 39.1 = 0.20. கூட்டு 13.15. மறுபக்கம் பைகார்பனேட் 366 ÷ 61 = 6.00, குளோரைடு 177 ÷ 35.45 = 4.99, சல்பேட் 48 ÷ 48 = 1.00, நைட்ரேட் 62 ÷ 62 = 1.00, ஃப்ளோரைடு 1 ÷ 19 = 0.05. கூட்டு 13.04. வித்தியாசம் 0.11, இரண்டின் கூட்டு 26.19, பிழை 0.4 சதவீதம்.

5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம், 10-ஐத் தாண்டினால் மறுபடி பார்க்க வேண்டும். நேர்மின் பக்கம் கூடுதலாக வந்தால் முதலில் நைட்ரேட் விட்டுப்போனதா, காரத்தன்மை தாமதமாகப் பார்க்கப்பட்டதா என்று தேடுங்கள். எதிர்மின் பக்கம் கூடினால் ஃபிளேம் போட்டோமீட்டருக்கு மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தார்கள் என்று கேளுங்கள். பிழை எல்லா மாதிரியிலும் சரியாகப் பூஜ்யம் என்று வந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். சோடியத்தை அளக்காமல் கழித்துக் கண்டிருப்பார்கள். அங்கே சமன்பாடு எதையும் நிரூபிக்காது.

இரண்டாவது சோதனை மின்கடத்துத்திறன். ஒரு பக்கத்து அயனிக் கூட்டை 100-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மீட்டர் எண் வரவேண்டும். இங்கே 13.1 × 100 = 1310, முன்னே 1441-இலிருந்து 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணும் அதுவே. உப்பு அதிகமான தண்ணீரில் மீட்டர் எண் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைந்து வரும், அது இயல்பு.

எண்கள் சொல்வது

இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012) குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்சமாகவும் இரண்டு எண் தருகிறது. மொத்தக் கரைதிடம் 500, 2000. கடினத்தன்மை 200, 600. குளோரைடு 250, 1000. ஃப்ளோரைடு 1.0, 1.5. இவற்றோடு பார்க்கும் நைட்ரேட்டுக்குத் தளர்வே கிடையாது, 45 மி.கி./லி. நம் எடுத்துக்காட்டுத் தண்ணீர் கடினத்தன்மையில் நடுவே நிற்கிறது, நைட்ரேட்டில் தோற்கிறது.

பாசனத்துக்குச் சோடியம் உறிஞ்சு விகிதம் பாருங்கள், சோடியம் மண்ணை இறுக்குமா என்று அது காட்டும். இங்கே எல்லாம் மில்லி ஈக்குவலன்ட் எண்கள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3.475, அதன் வர்க்கமூலம் 1.86. சோடியம் 6.00-ஐ அதால் வகுத்தால் 3.2. மண்ணை இறுக்கும் அளவு இல்லை. எஞ்சிய சோடியம் கார்பனேட் (பைகார்பனேட்டிலிருந்து கால்சியம், மெக்னீசியக் கூட்டைக் கழித்தது) 6.00 − 6.95, அதாவது எதிர்மம், நல்லது. இது 2.5-ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. மின்கடத்துத்திறன் 1310 என்பது 750 முதல் 2250 வரையான வகுப்பு. வடிகால் உள்ள செம்மண்ணில் மல்லிகைக்கோ தென்னைக்கோ பாய்ச்சலாம், திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கக் கரிசலில் தண்ணீர் வடியாததால் அதே உப்பு தங்கிவிடும்.

அடுத்து, உப்பு எங்கிருந்து வந்தது? மில்லி ஈக்குவலன்ட்டில் சோடியத்தைக் குளோரைடால் வகுத்தால் இங்கே 1.2. மழையும் உப்பும் மட்டும் என்றால் ஒன்றைத் தாண்டாது. மேலே போனால் பாறையின் ஃபெல்ஸ்பார் சிதைவோ களிமண்ணின் அயனி மாற்றமோ சோடியம் கொடுக்கிறது. குளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் செப்டிக் டேங்க், தொழுவம், உரம் பக்கம் பாருங்கள். ஆனால் கிருதுமால் போன்ற சாக்கடை ஓடையில் நைட்ரேட் குறைவாகவே இருக்கும். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரஜன் அமோனியாவாகக் கிடக்கிறது. நைட்ரேட் குறைவு என்பதால் சுத்தம் என்று எழுதிவிடாமல் அமோனியாவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃப்ளோரைடு வேறு கதை. அது நைஸ் பாறையின் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் கனிமங்களிலிருந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃப்ளோரைடாகப் படிந்து அடங்கும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, பி.எச். 8-ஐ நெருங்கினால் ஏறும். அதனால் பருப்பு நன்றாக வேகும் மென்மையான ஆழ்துளைத் தண்ணீரில்தான் ஃப்ளோரைடைச் சந்தேகித்துப் பார்க்க வேண்டும். நாக்கு இதைக் கண்டுபிடிக்காது, கடையில் விற்கும், மொத்தக் கரைதிடம் காட்டும் டி.டி.எஸ். பேனாவும் கண்டுபிடிக்காது.

மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் நன்றாகும் என்று எதிர்பார்ப்போம். வாய்க்கால் ஓரக் கிணறுகளில் அப்படித்தான் நடக்கும், உப்பு குறைந்த பெரியாற்றுத் தண்ணீர் ஊறி இறங்குவதால். ஆனால் உரம் போட்ட மானாவாரி நிலத்து ஆழமில்லாத கிணறுகளில் ஜனவரி நைட்ரேட் மே மாதத்தைவிடக் கூடலாம். மேல்மண்ணில் தங்கியிருந்ததை மழை கீழே தள்ளிவிட்டது. இது அளவுப் பிழை அல்ல, அந்த எண்ணை அடித்துத் திருத்தாதீர்கள்.

ஆற்றில் சாக்கடை எத்தனை பங்கு என்பதற்குக் குளோரைடு போதும், அது வழியில் எதோடும் வினைபுரியாது. மேலே 40, வாய்க்காலில் 200, கலந்த பிறகு 80 என்றால் (80 − 40) ÷ (200 − 40), கால் பங்கு சாக்கடை. சோடியத்தை வைத்தும் அதே கணக்கைப் போடுங்கள், ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். ஓட்டத்தையும் அளந்தால் சுமை தெரியும்: பத்து மீட்டர் நேரான பகுதியில் ஒரு மிதவையை விட்டு நொடி எண்ணி, வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குங்கள். நொடிக்கு 500 லிட்டர் ஓட்டத்தில் 80 மி.கி. குளோரைடு என்றால் நாளுக்கு ஏறத்தாழ மூன்றரை டன். மதகு திறந்த நாளையும் மூடிய நாளையும் ஒப்பிட இந்தச் சுமைதான் சரியான அளவு, செறிவு அல்ல.

முடிவுகளைக் கிணற்றுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லுங்கள். நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் வேறு கிணறோ குழாய்த் தண்ணீரோ இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதற்கு மாறலாம், இந்த போரைக் குளிக்கவும் துவைக்கவும் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.